உளவியலும் சட்டமும் ஒரே பட்டத்தில்: ஆஸ்திரேலியாவில் படிக்க நினைப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஐந்தாறு ஆண்டுகள் படித்து, உளவியலில் ஒன்றும் சட்டத்தில் ஒன்றுமாக இரண்டு பட்டங்களைக் கையில் வாங்கும் ஒருவர், பட்டமளிப்பு விழாவுக்கு மறுநாள் காலையில் வழக்குரைஞரும் அல்லர், உளவியலாளரும் அல்லர். இரண்டு தொழில்களுக்கும் தனித்தனிப் பதிவு, தனித்தனிப் பயிற்சி, தனித்தனிக் கண்காணிப்பு அமைப்பு இருக்கின்றன. பட்டம் அந்த வாசல்கள் வரை கொண்டுபோய் நிறுத்தும், அவ்வளவுதான். இது தெரியாமல் சேர்ந்து, நான்காம் ஆண்டில் ஒரு வாசல் ஏற்கெனவே சாத்தப்பட்டுவிட்டதைக் கண்டுகொள்ளும் மாணவர்கள் இருக்கிறார்கள். சாத்தப்படுவது பெரும்பாலும் உளவியலின் வாசல்தான். அது ஏன் என்பதும், அதைத் திறந்து வைத்திருக்க எந்த ஆண்டில் என்ன செய்ய வேண்டும் என்பதுமே இந்த வழிகாட்டியின் பொருள்.

படி 1: இரண்டு ஏணிகளையும் தனித்தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்

சட்டத்தின் ஏணி நேரானது. எல்.எல்.பி. பட்டத்துக்குள் 11 கட்டாயப் பாடப்பகுதிகளை முடித்தாக வேண்டும். நீதிபதி பிரீஸ்ட்லி தலைமையிலான குழு 1992இல் வகுத்த பட்டியல் என்பதால் இவற்றை அங்கே எல்லோரும் 'பிரீஸ்ட்லி லெவன்' என்றே சொல்வார்கள். குற்றவியல் சட்டமும் நடைமுறையும், தீங்கியல் (ஒருவர் இழைத்த தீங்குக்கு இழப்பீடு கோரும் சட்டம்), ஒப்பந்தம், சொத்து, சமநீதியும் அறக்கட்டளையும், நிறுமச் சட்டம், நிர்வாகச் சட்டம், அரசமைப்புச் சட்டம், உரிமையியல் நடைமுறை, சாட்சியம், தொழில்நெறி ஆகியவையே அந்தப் பதினொன்று. பட்டத்துக்குப் பின் நடைமுறைச் சட்டப் பயிற்சியை முடித்து, மாநில உச்ச நீதிமன்றத்தில் உறுதிமொழி ஏற்று, தொழில் உரிமம் பெற வேண்டும். உரிமம் பெற்ற பிறகும் நியூ சவுத் வேல்ஸ் போன்ற மாநிலங்களில் பொதுவாக இரண்டு ஆண்டுகள் மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில்தான் வேலை செய்ய முடியும்.

உளவியலின் ஏணி நீளமானது, நடுவில் ஒரு குறுகிய படியும் உண்டு. முதல் மூன்று ஆண்டுப் பாடத்தொடர், அதன் மேல் நான்காம் ஆண்டு ஆனர்ஸ் (ஆய்வேடு எழுதும் சிறப்பு ஆண்டு) அல்லது அதற்கு இணையான ஓர் ஆண்டு, இரண்டுமே ஆஸ்திரேலிய உளவியல் அங்கீகார மன்றத்தின் ஒப்புதல் பெற்றவையாக இருக்க வேண்டும். அதன்பின் இரண்டு ஆண்டு முதுகலைத் தொழிற்படிப்பு ஒரு வழி. ஐந்தாம் ஆண்டில் ஓர் ஆண்டு முதுகலைப் படிப்பும் ஆறாம் ஆண்டில் மேற்பார்வையிலான பயிற்சியும் என்ற 'ஐந்து கூட்டல் ஒன்று' இன்னொரு வழி. நான்காண்டுப் படிப்போடு நேரே இரண்டாண்டுப் பயிற்சிக்குப் போகும் பழைய வழி 2022 ஜூன் மாதத்தோடு புதியவர்களுக்கு மூடப்பட்டுவிட்டது. உறவினரோ ஊர்க்காரரோ அந்த வழியில் உளவியலாளர் ஆனவர் என்றால் அவர் சொல்லும் கணக்கு இன்று செல்லாது. 'சைக்காலஜிஸ்ட்' என்ற பெயர் அங்கே சட்டத்தால் காக்கப்பட்ட பெயர். உளவியல் வாரியத்தில் பதிவு இல்லாதவர் அதைத் தம் பெயரோடு போட்டுக்கொண்டால் அது குற்றம்.

படி 2: பட்டத்தின் பெயரை எழுத்தெழுத்தாக வாசியுங்கள்

எனக்குத் தெரிந்தவரை இந்தப் படியில்தான் மிகுதியான தவறுகள் நடக்கின்றன. உளவியல்–சட்டம் இணைப்பட்டங்கள் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றினாலும் உள்ளே இரண்டு வகைப்படும். ஒன்று, 'உளவியல் அறிவியல்' மூன்றாண்டுப் பட்டத்தைச் சட்டத்தோடு இணைத்து ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில் முடிப்பது. இதில் நான்காம் ஆண்டு உளவியல் கிடையாது. மற்றொன்று, 'உளவியல் ஆனர்ஸ்' நான்காண்டுப் பட்டத்தைச் சட்டத்தோடு இணைத்து ஏறத்தாழ ஆறு ஆண்டுகளில் முடிப்பது. இதில் அந்த ஆண்டு உள்ளேயே இருக்கிறது. தனித்தனியாகப் படித்தால் எட்டு ஆண்டுகள் ஆகும் என்பதால் இரண்டாவது வகையின் ஆறு ஆண்டுகளை நீளம் என்று சொல்ல மாட்டேன்.

முதல் வகையில் சேர்ந்தவர் பின்னர் ஆனர்ஸுக்குத் தனியாக விண்ணப்பிக்கலாம். ஆனால் அந்த இடங்கள் குறைவு, போட்டி மிகுதி, வெளியிலிருந்து வரும் விண்ணப்பதாரர்களும் வரிசையில் நிற்பார்கள். சட்டப் பாடங்களின் சுமையில் உளவியல் மதிப்பெண் இரண்டு பருவங்கள் சரிந்தாலே அந்த இடம் கைநழுவும்.

இன்னொரு பொறி 'ஆனர்ஸ்' என்ற சொல்லிலேயே இருக்கிறது. பல பல்கலைக்கழகங்கள் சட்டப் பட்டத்தையும் 'எல்.எல்.பி. ஆனர்ஸ்' என்ற பெயரில் தருகின்றன. அதைப் பார்த்துவிட்டு ஆனர்ஸ் கிடைத்துவிடும் என்று நம்பக் கூடாது. சட்டத்தில் பெற்ற ஆனர்ஸ் உளவியல் வாரியத்தின் கணக்கில் நான்காம் ஆண்டாகாது. அதேபோலக் கலைப் பட்டத்தில் உளவியலை ஒரு துணைப் பாடமாக எடுப்பதும், குற்றவியல் பட்டத்தில் 'தடயவியல் உளவியல்' என்ற பெயரில் சில பாடங்கள் படிப்பதும் அங்கீகாரம் பெற்ற பாடத்தொடருக்கு ஈடாகா. அங்கீகார மன்றத்தின் இணையதளத்தில் பல்கலைக்கழகத்தின் பெயரையும் பட்டத்தின் துல்லியமான பெயரையும் தட்டிப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. அதைச் செய்யாமல் விண்ணப்பக் கட்டணம் கட்டாதீர்கள்.

நகரமும் வழியை மாற்றும். சிட்னியின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம், மக்குவாரி பல்கலைக்கழகம் போன்றவற்றில் பள்ளி முடித்த கையோடு இணைப்பட்டத்தில் சேரலாம். மெல்பர்ன் பல்கலைக்கழகமோ 2008 முதல் சட்டத்தை முதுநிலை ஜே.டி. (ஜூரிஸ் டாக்டர்) பட்டமாகவே நடத்துகிறது. அங்கே சட்டம் படிக்க விரும்பினால் முதலில் உளவியலை முடித்துவிட்டு மூன்றாண்டு ஜே.டி.க்குப் போக வேண்டும். பதினேழு வயதில் தம் விருப்பம் இன்னதென்று உறுதியாகத் தெரியாத பிள்ளைக்கு இந்த இரண்டாவது வழி நல்லது என்பதே என் கருத்து. ஓர் ஆண்டு கூடுதலாகும், செலவும் கூடலாம், ஆனால் இடையில் யோசிக்க இடம் கிடைக்கும்.

படி 3: சேர்க்கையும் செலவும்

சேர்க்கையைப் பொறுத்தவரை இரண்டு துறைகளில் எது கடினமோ அதன் மதிப்பெண்தான் எல்லையாகிறது, அது பெரும்பாலும் சட்டம். நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம் உள்நாட்டு மாணவர்களுக்குப் பள்ளி மதிப்பெண்ணோடு தனிச் சட்ட நுழைவுத்தேர்வும் வைக்கிறது.

செலவில் ஒரு விசித்திரம் உண்டு. ஒரே பட்டத்தின் இரண்டு பாதிகளுக்கும் ஒரே கட்டணம் கிடையாது. 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த கட்டண மாற்றத்தின்படி, அரசு உதவி பெறும் இடத்தில் சட்டம் படிப்பவர் ஒரு முழு ஆண்டுக்குச் செலுத்த வேண்டிய பங்கு 14,500 டாலர். தொழில்முறைப் பதிவுக்கு இட்டுச்செல்லும் உளவியல் பாடங்களுக்கோ 7,950 டாலர். அதன்பின் ஆண்டுதோறும் தொகைகள் ஏறி வந்திருந்தாலும் அந்த இடைவெளி கவனிக்கத்தக்கது. உளவியலுக்கான குறைந்த கட்டணம் உங்கள் பட்டம் 'தொழில்முறைப் பாதை' என்று வகைப்படுத்தப்பட்டிருந்தால்தான் பொருந்தும். சும்மா விருப்பப்பாடமாக உளவியல் எடுப்பவருக்கு உயர்ந்த கட்டணமே. சேரும் முன் மாணவர் அலுவலகத்தில் இந்த ஒரு கேள்வியை எழுத்துமூலம் கேட்டு, பதிலையும் எழுத்துமூலமே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் தவறவிடும் இன்னொரு செய்தி: நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர்களின் பிள்ளைகளுக்கு உள்நாட்டுக் கட்டணம்தான், ஆனால் குடியுரிமை பெறும் வரை பொதுவாக 'ஹெக்ஸ்' என்ற அரசுக் கல்விக் கடன் கிடையாது, ஒவ்வொரு பருவமும் பணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். நிரந்தர மனிதாபிமான விசாவில் இருப்பவர்களுக்குக் கடன் உண்டு. குடியுரிமை விண்ணப்பத்தைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை தள்ளிப்போட்ட வீடுகளில் இந்த விதி முதல் பருவத்திலேயே கடிக்கும்.

படி 4: முதல் மூன்று ஆண்டுகளில் இரண்டு கைகளால் எழுதப் பழகுங்கள்

முதலாம் ஆண்டு மாணவரைத் திணறடிப்பது பாடத்தின் அளவு மட்டும் அன்று. திங்கட்கிழமை உளவியல் ஆய்வறிக்கை எழுத வேண்டும்: முன்னுரை, முறை, முடிவுகள், விவாதம் என்ற வரிசையில், அமெரிக்க உளவியல் சங்கத்தின் மேற்கோள் முறையில், அடைப்புக்குறிக்குள் ஆசிரியர் பெயரும் ஆண்டும் இட்டு. வியாழக்கிழமை சட்டச் சிக்கல் வினாவுக்கு விடை எழுத வேண்டும்: பிரச்சினை, விதி, பொருத்துதல், முடிவு என்ற வரிசையில், ஆஸ்திரேலியச் சட்ட மேற்கோள் வழிகாட்டியின்படி அடிக்குறிப்புகள் இட்டு. உளவியலில் 'இந்த முடிவு ஒரு சாத்தியத்தைக் காட்டுகிறது' என்று தயங்கி எழுதுவது நல்ல எழுத்து. சட்டத்தில் அதே தயக்கத்தோடு எழுதினால், கட்சிக்காரருக்கு என்ன ஆலோசனை சொல்கிறீர்கள் என்று ஆசிரியர் ஓரத்தில் எழுதித் தருவார். இரண்டையும் கலந்து எழுதியவருக்கு இரண்டிலும் மதிப்பெண் குறையும்.

புள்ளியியலிலிருந்து தப்ப முடியாது. எண்ணுக்குப் பயந்து கலைப்பக்கம் வந்து, அங்கிருந்து சட்டத்துக்கு வந்தவர்கள் பலர் உளவியலைக் கைவிடுவது இரண்டாம் ஆண்டுப் புள்ளியியலில்தான். சட்டப் பாடங்களின் சுமை குறைந்த பருவத்தில் அதை வைத்துக்கொள்ளுங்கள். அரசமைப்புச் சட்டத்தோடு ஒரே பருவத்தில் வைத்துக்கொள்வதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

பாடங்களை அடுக்குவதில் உங்களுக்கு இருக்கும் சுதந்திரத்தைப் பயன்படுத்துங்கள். சாட்சியச் சட்டத்தை நினைவாற்றல் பற்றிய அறிதல் உளவியலோடும், குற்றவியல் சட்டத்தைப் பிறழ்நிலை உளவியலோடும் ஒரே ஆண்டில் வைத்தால் ஒன்றுக்கு வாசித்தது மற்றொன்றுக்கு உதவும். பல்கலைக்கழகங்கள் இதை உங்களுக்காகச் செய்து தருவதில்லை. இரு துறைகளும் இரு கட்டடங்களில் இருக்கும், ஒரு துறையின் ஆசிரியருக்கு மற்றதன் கால அட்டவணை தெரியாது.

படி 5: இரண்டும் சந்திக்கும் இடத்தைத் தேடிப் பிடியுங்கள்

எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் 1974இல் வெளியிட்ட ஆய்வை உளவியல் மாணவர் அனைவரும் படிப்பார்கள். கார் விபத்துப் படத்தைப் பார்த்தவர்களிடம் கார்கள் ஒன்றையொன்று 'மோதியபோது' என்ன வேகம் என்று கேட்டபோது சராசரி விடை மணிக்கு 34 மைல். 'மோதி நொறுங்கியபோது' என்ற சொல்லை வைத்துக் கேட்டபோது 40.8 மைல். இரண்டாம் சோதனையில் ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைக் கண்டீர்களா என்று கேட்டார்கள். படத்தில் கண்ணாடியே உடையவில்லை. 'நொறுங்கியபோது' என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர் கண்டதாகச் சொன்னார்கள். மற்ற வினைச்சொல்லைக் கேட்ட 50 பேரில் 7 பேர்.

உளவியல் வகுப்பு இங்கே முடிந்துவிடும். சட்ட மாணவருக்கு இதற்கு மேல்தான் வேலை. தம் தரப்புச் சாட்சியைக் கேட்கும் தலைமை விசாரணையில் விடையை வாயில் வைத்துக் கேட்கும் கேள்விக்குத் தடையும், குறுக்கு விசாரணையில் அதற்கே அனுமதியும் இருக்கின்றன. மேற்கண்ட ஆய்வின் வெளிச்சத்தில் அந்த ஏற்பாடு சரிதானா? அடையாளச் சாட்சியம் வழக்கில் முக்கியமானதாக இருக்கும்போது அதன் ஆபத்துகளை நீதிபதி ஜூரிக்குத் தெளிவாகவும் அழுத்தமாகவும் எச்சரிக்க வேண்டும் என்று டோமிகன் வழக்கில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் (மாநில உச்ச நீதிமன்றங்களுக்கும் மேலான, நாட்டின் தலைமை நீதிமன்றம்) 1992இல் சொன்னது. நீதிபதி சொல்லும் எச்சரிக்கையால் ஜூரியின் மனம் உண்மையில் மாறுகிறதா என்பது மீண்டும் உளவியலின் கேள்வி. இப்படிப் பந்து இரு பக்கமும் போய் வரும் இடங்களே இந்தப் படிப்பின் சாரம்.

இதில் ஆஸ்திரேலியாவுக்கே உரிய ஒரு கதை உண்டு. டொனால்ட் தாம்சன் என்ற உளவியலாளர் 1970களின் நடுவில் தொலைக்காட்சி நேரலையில் தோன்றிக்கொண்டிருந்த நேரத்தில், அந்த நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்த ஒரு வீட்டில் ஒரு பெண் தாக்கப்பட்டார். பின்னர் அந்தப் பெண் தாம்சனையே குற்றவாளியாக உறுதியோடு அடையாளம் காட்டினார். திரையில் கண்ட முகம் தாக்கியவனின் முகமாக நினைவில் பதிந்துவிட்டது. நேரலையில் இருந்ததே தாம்சனைக் காப்பாற்றியது. அவர் நினைவாற்றலை ஆராய்ந்தவர் என்பதும், சட்டமும் கற்று பாரிஸ்டராகவும் இருந்தவர் என்பதும் கற்பனைக்கும் எட்டாத பொருத்தம்.

ஆனால் உளவியல் அறிவு நீதிமன்றத்துக்குள் நுழைய ஒரு கதவு உண்டு, அதன் அளவை அறிந்துகொள்ளுங்கள். 1995ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 79ஆம் பிரிவின்படி, நிபுணரின் கருத்து அவருடைய சிறப்பறிவை முழுமையாகவோ பெரும்பகுதியாகவோ அடிப்படையாகக் கொண்டிருக்க வேண்டும். சிறுமி ஒருத்தி மீதான பாலியல் குற்றம் தொடர்பான எச்.ஜி. வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவர் அல்லர், வேறொருவரே முன்பு அவளுக்குத் தீங்கு செய்திருக்க வேண்டும் என்று உளவியலாளர் ஒருவர் கருத்துத் தந்தார். உயர் நீதிமன்றம் 1999இல் அதை ஏற்கவில்லை. யார் செய்தார் என்பது உளவியல் அறிவிலிருந்து பிறந்த கருத்து அன்று, உளவியலாளரின் அங்கியை அணிந்த ஊகம் என்பதே தீர்ப்பின் உட்பொருள். இரண்டும் படிக்கும் மாணவர் இந்தத் தீர்ப்பைச் சாட்சிக் கூண்டில் நிற்பவராகவும் ஒரு முறை, கேள்வி கேட்பவராகவும் ஒரு முறை வாசிக்க வேண்டும்.

உளவியல் ஆய்வு ஆயிரம் பேரின் சராசரியைச் சொல்லும். நீதிமன்றமோ கூண்டில் நிற்கும் இந்த ஒருவரைப் பற்றிக் கேட்கும். தண்டனை நிர்ணயத்தில் இந்த இடைவெளி கூர்மையாகத் தெரியும். விக்டோரியா மேல்முறையீட்டு நீதிமன்றம் 2007இல் வெர்டின்ஸ் வழக்கில், மனநலக் குறைபாடு தண்டனையைப் பாதிக்கக்கூடிய ஆறு வழிகளை வகுத்தது. ஆளுமைக் கோளாறுகளுக்கு அந்த விதிகள் பொருந்தா என்று 2015இல் ஒரு தீர்ப்பு வந்தது, 2020இல் பிரவுன் வழக்கில் அது மாற்றப்பட்டது. நோயின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்பதை விட, அந்தக் குறைபாடு இவரிடம் என்ன செய்தது என்பதற்கான சான்றே முக்கியமானது. மூன்று தீர்ப்புகளையும் வரிசையாகப் படித்தால் நோய் கண்டறிதல் பற்றி உளவியல் வகுப்பில் கேட்டவை வேறு மாதிரி விளங்கும்.

தமிழர்களுக்கு நெருங்கிய ஓர் இடமும் இங்கே உண்டு. 2021 கணக்கெடுப்பின்படி ஆஸ்திரேலியாவில் வீட்டில் தமிழ் பேசுவோர் 95,000 பேருக்கும் மேல். அவர்களுள் புகலிடம் கேட்டு வந்தவர்களும் உள்ளனர். புகலிட வழக்கில் முதல் நேர்காணலில் சொன்ன தேதியும் இரண்டாவதில் சொன்னதும் வேறுபட்டால் நம்பகத்தன்மை போய்விடும். ஹெர்லிஹியும் உடனாய்வாளர்களும் பிரிட்டனில் இருந்த கொசோவோ, பொஸ்னிய அகதிகளிடம் செய்து 2002இல் வெளியிட்ட ஆய்வு, ஏற்கெனவே தங்கும் அனுமதி பெற்று, பொய் சொல்லத் தேவையே இல்லாதவர்களின் இரு விவரிப்புகளுக்கு இடையிலும் முரண்கள் சாதாரணமாக இருந்ததைக் காட்டியது. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநெருக்கடி கடுமையாக இருந்தவர்களிடம், நேர்காணல்களுக்கு இடையே காலம் கூடக்கூட முரண்களும் கூடின. மொழியும் தெரிந்து இந்த ஆய்வும் தெரிந்து தீர்ப்பாய நடைமுறையும் தெரிந்த ஒருவர் அந்த அறையில் எவ்வளவு பயன்படுவார் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

படி 6: ஆனர்ஸ் ஆண்டை முன்கூட்டியே கட்டுங்கள்

ஆனர்ஸ் ஆண்டின் நடுநாயகம் ஆய்வேடு. மனிதர்களிடம் தரவு திரட்டுவதானால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும், அது வாரக்கணக்கில் இழுக்கும். சிறையில் இருப்போர், குழந்தைகள், குற்றத்தால் பாதிக்கப்பட்டோர் ஆகியோரை ஆராய நினைத்தால் இன்னும் இழுக்கும். ஆனால் சட்டமும் உளவியலும் சேர்ந்த தலைப்பு என்றதும் மாணவர் மனத்தில் எழுவது அவைதாம். மாதிரி ஜூரி ஆய்வு அல்லது வெளியான தீர்ப்புகளை உள்ளடக்கப் பகுப்பாய்வு செய்வது ஓராண்டுக்குள் முடியக்கூடியது. முந்தைய ஆண்டின் நடுவிலேயே மேற்பார்வையாளரிடம் போய்ப் பேசுங்கள். ஆனர்ஸ் ஆண்டில் சட்டப் பாடங்களை முடிந்தவரை ஒதுக்கி வையுங்கள்.

படி 7: உங்கள் ஒழுக்கப் பதிவைச் சுத்தமாக வைத்திருங்கள்

உளவியல் ஆய்வகத்தில் தரவைக் குழுவாகச் சேர்ப்பது வழக்கம், அறிக்கையைத் தனியாக எழுத வேண்டும். அந்தக் கோடு மங்கும்போது 'கூட்டு நகல்' புகார் வரும். மற்ற மாணவருக்கு அது ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு போய்விடலாம். உங்களுக்கு அப்படிப் போகாது. வழக்குரைஞராகச் சேரும்போது பல்கலைக்கழக ஒழுங்கு நடவடிக்கைகளை நீங்களே வெளிப்படுத்த வேண்டும். படிக்கும்போது செய்த நகலெழுத்துக்காகக் குயின்ஸ்லாந்து நீதிமன்றம் 2004இலும் 2006இலும் விண்ணப்பதாரர்களைத் திருப்பியனுப்பியிருக்கிறது. செய்த பிழையை விட மறைத்த பிழையே அங்கே கூடுதல் தீங்கு செய்யும்.

படி 8: பட்டத்துக்குப் பின் எந்த வாசலில் முதலில் நுழைவது

பெரும்பாலோர் இறுதியில் ஒரு தொழிலையே முழுநேரமாகச் செய்கிறார்கள், மற்றது அதற்குள் ஒளியூட்டுகிறது. இளையோர் நீதிமன்றம், குடும்பச் சட்டம், சட்ட உதவி அமைப்புகள், நாடாளுமன்றச் சட்டத்திருத்தப் பணி ஆகியவற்றில் உளவியல் அறிந்த வழக்குரைஞருக்கு நல்ல இடமுண்டு. நியூ சவுத் வேல்ஸ் மனநல மறுஆய்வுத் தீர்ப்பாயத்தில் வழக்குரைஞர், மனநல மருத்துவர், தகுதியான மூன்றாமவர் என மூவர் அமர்கிறார்கள். அங்கே வாதாடுபவருக்கு மருத்துவ அறிக்கையை வாசிக்கத் தெரிவது பெரிய பலம். உளவியல் பக்கம் போகிறவர்களுக்கு நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம், ஸ்வின்பர்ன் பல்கலைக்கழகம் போன்றவை தடயவியல் உளவியலில் முதுநிலைப் பயிற்சி தந்து வந்திருக்கின்றன. பதிவுக்குப் பின் அந்தச் சிறப்புத்துறை ஒப்புதலையும் தனியே பெற வேண்டும்.

இந்தியாவுக்குத் திரும்ப நினைப்பவர் சேர்வதற்கு முன்பே ஒன்றைப் பார்த்துவிட வேண்டும். 1961ஆம் ஆண்டு வழக்குரைஞர் சட்டத்தின்படி இந்திய பார் கவுன்சில் அங்கீகரித்த வெளிநாட்டுச் சட்டப் பட்டம் மட்டுமே செல்லும், அதன் மேல் தகுதித் தேர்வும் உண்டு. உளவியல் பதிவும் தானாக இடம்பெயராது.

கடைசியாக, நாள்காட்டி. சட்டத்தில் 'பழைய கல்வி' என்ற விதி உண்டு. பட்டப்படிப்பை முடித்து ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கழித்து வழக்குரைஞராகச் சேர விண்ணப்பித்தால் சில பாடங்களை மீண்டும் படிக்கச் சொல்லலாம். உளவியல் முதுகலைக்குப் பல பல்கலைக்கழகங்கள் நான்காம் ஆண்டுப் படிப்பு பத்து ஆண்டுகளுக்குள் முடிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கின்றன. எனவே முடிவு எடுக்காமல் இருப்பவர் முதலில் நடைமுறைச் சட்டப் பயிற்சியை முடித்து வழக்குரைஞராகப் பதிந்துவிட்டு, பின்னர் முதுகலை உளவியலுக்குப் போவதே வசதியான வரிசை. ஆனர்ஸ் சான்றிதழில் உள்ள தேதியை மட்டும் எங்காவது எழுதி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.